நம்ம ஆள் என்று யாரைச் சொல்கிறோம்? கட்சிக் கிளை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளைத் தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

2025 மே 3ஆம் தேதி, சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தல் இரவில், வாக்கு எண்ணும் இடத்தில் உங்களோடு நானும் நின்றேன். எங்கள் நான்கு அடுக்குமாடிப் புளோக்குகளின் பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளைப் பிரித்துக் கட்டுக் கட்டாக அடுக்கினார்கள். அப்போது உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். பல உறுப்பினர்களை ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கும் நம் குழுத்தொகுதி நமக்குக் கிடைத்துவிட்டது. பக்கத்துப் பேட்டைகளில் நமக்கு வாக்கு ஏறியிருந்தது. முப்பது வருடமாக நமக்கென்றே இருந்த இந்த நான்கு புளோக்குகளில் மட்டும் இறங்கியிருந்தது. எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுவாரம் சமூக மன்றத்துக்குப் பக்கத்தில் நடந்த நன்றிக் கூட்டத்தில், பிரியாணிப் பொட்டலம் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "நம்ம ஆளைத்தானே நிறுத்தினோம்? தமிழ்ப் பிள்ளைதானே? அப்புறம் ஏன் நம்ம சனமே போடல?" யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டிய பதிலா அது என்று தயங்கினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் அது நிற்கும் என்று பட்டது. அதனால் இந்த மடல்.

கட்சியின் பெயரை எழுதவில்லை, தொகுதியின் பெயரையும் எழுதவில்லை. எதிர்த்தரப்பில் இருப்பவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்கள் வாய்க்கு அவல் போட எனக்கு விருப்பமில்லை. வேட்பாளராக நின்ற தம்பியின் மனதை நோகடிக்கவும் விருப்பமில்லை. அவர் நல்ல பிள்ளை. படித்தவர், பணிவானவர், உழைக்கத் தயங்காதவர். குறை அவரிடம் இல்லை. அவரை எங்களிடம் கொண்டுவந்த விதத்தில் இருக்கிறது.

கூட்டத்தில் மூன்று காரணம் சொன்னீர்கள்: தொகுதி எல்லை மாறியது, இளையர்கள் கைப்பேசியைப் பார்த்து வாக்களிக்கிறார்கள், எதிரணி கடுமையாக வேலை செய்தது. மூன்றும் உண்மைதான். மார்ச் 11ஆம் தேதி எல்லை அறிக்கை வந்தது, எட்டு வாரம்கூட ஆகவில்லை, வாக்களித்துவிட்டோம். ஆனால் இந்த மூன்றும் பக்கத்துப் பேட்டைக்கும் பொருந்தும். அங்கே ஏன் ஏறியது? எங்கள் புளோக்குகளில் இருப்பவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கைப்பேசியில் பேரப்பிள்ளை படத்தைத் தவிர வேறெதையும் பெரிதாகப் பார்க்காதவர்கள். அவர்கள்தான் மாற்றிப் போட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வாக்கு ரகசியமானது, யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் கட்டு அடுக்கியதை நானும் பார்த்தேன். வாக்களித்த நாளில் பகலெல்லாம் மின்தூக்கியில் கூட வந்தவர்கள் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. முப்பது வருடம் ஒரே பேட்டையில் இருப்பவளுக்கு அது போதும்.

முந்தைய நாடாளுமன்ற உறுப்பினரைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. அவர் சீனர். தமிழில் அவருக்குத் தெரிந்தது நாலைந்து வார்த்தை. "சாப்பிட்டாச்சா" என்பதை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. ஆனால் அவருக்கு எங்களைப் பற்றி ஒன்று தெரியும். நம் வீட்டுச் சாவுக்கு நேரம் குறைவு.

சீனர் வீட்டில் ஒருவர் இறந்தால் புளோக்குக்குக் கீழே மூன்று நாள், ஐந்து நாள், சில சமயம் ஏழு நாள் வைத்திருப்பார்கள். எந்த அரசியல்வாதியும் நாட்குறிப்பைப் பார்த்து ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிக்கொள்ளலாம். நம் வீட்டில் அப்படி இல்லை. காலையில் உயிர் போனால், வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர வேண்டியிருந்தால் ஒழிய, அன்று மாலையோ மறுநாளோ மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்பிவிடுவோம். வருகிறவர் சில மணி நேரத்துக்குள் வர வேண்டும். அந்த மனிதர் வருவார். மத்தியானம் ஒரு மணிக்கு அலுவலகத்திலிருந்து நேராக, வியர்த்து விறுவிறுத்து, கறுப்புக் காலணியை வரிசையாகக் கிடக்கும் செருப்புகளோடு கழற்றிவிட்டு, உடம்புக்குப் பக்கத்தில் கைகூப்பி நிற்பார். ஆரம்பத்தில் வெள்ளை உறையில் பணம் கொண்டுவந்தார். நம் ஆட்களில் பலர் வாங்கிக்கொள்ளத் தயங்குவதை யாரோ சொன்ன பிறகு அதை நிறுத்திவிட்டார். பிறகு ஒன்றும் கொண்டுவருவதில்லை. வந்து நிற்பார், அவ்வளவுதான். வண்டி கிளம்பும் வரை போக மாட்டார்.

நல்லது கெட்டதுக்கு வந்தவர் என்று நாம் ஒருவரைச் சொல்வோமே, அது அவர்தான். எங்கள் நான்கு புளோக்குகளும் முப்பது வருடம் போட்டது அவருக்கு. சின்னம் அவரோடு வந்தது.

கடைசி ஓராண்டாக அவர் வருவது குறைந்தது. ஓய்வு பெறப் போகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உறுப்பினர் குறை கேட்கும் மக்கள் சந்திப்புக்கு வந்து நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள், "உடம்பு சரியில்லையாம்மா அவருக்கு?" என்று. எனக்கும் தெரியாது. "வருவார்" என்று சொல்லி அவர்கள் மனுவை எழுதிக்கொடுப்பேன்.

ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், ஏழாவது மாடித் தாத்தா காலமானார். ஐயா, அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கட்சி வண்டியில் ஒலிபெருக்கி கட்டிய காலத்திலிருந்து நம்மோடு இருந்தவர். வேட்புமனு நாளில் வெயிலில் நின்று கொடி பிடித்தவர். முழங்கால் போன பிறகும், புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து துண்டறிக்கைகளை நாலாக மடித்துக் கொடுத்தவர். காலை எட்டு மணிக்கு நானே கிளைக்குச் செய்தி அனுப்பினேன். பதினொன்றரைக்குப் பதில் வந்தது. உறுப்பினர் ஊரில் இல்லை, புதிய தம்பி வியாழக்கிழமை மாலை வருவார் என்று இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. நான்கு மணிக்கு உடலை எடுத்துவிட்டோம்.

வியாழக்கிழமை தம்பி வந்ததாகவும், கீழ்த்தளத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன். அவர் மேல் என்ன தப்பு? தமிழ்ப் பிள்ளைதான் என்றாலும் ஆங்கிலத்தில் வளர்ந்தவர், சிறிய குடும்பம், சாவு வீடுகள் அதிகம் பார்த்திராதவர். யாராவது ஒருவர் கூட இருந்து சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தபாலில் ஓர் அனுதாப அட்டை வந்தது. பாட்டி அதைப் பிரிக்காமல் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அடுத்தது வீட்டுக்கு வீடு போன அன்று நடந்தது. அதை நான் கூடவே நின்று பார்த்தேன்.

பிரசாரத்துக்குக் கிடைத்தது ஒன்பது நாள். அதில் எங்கள் நான்கு புளோக்குகளுக்கு ஒரே ஒரு மாலை. "அதெல்லாம் நம்ம கோட்டை, கைவிட்டுப் போகாது, சந்தேகமான இடத்துக்குப் போவோம்" என்று திட்டம் போட்டவர்கள் சொன்னார்கள். இருட்டும் நேரத்தில் ஏழாவது மாடிக்குப் போனோம். பாட்டி கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் தாத்தாவின் படம், மல்லிகை மாலை, சின்னதாக ஒரு மின்விளக்கு. தம்பி கைகூப்பினார், தமிழில் வணக்கம் சொன்னார், நன்றாகத்தான் சொன்னார். பக்கத்தில் பட்டியல் வைத்திருந்த தொண்டர், வேறு பேட்டையிலிருந்து உதவிக்கு வந்த பெண், குனிந்து பார்த்துவிட்டு, "இங்கே ரெண்டு பேர் இருக்கே, அங்கிள் இல்லையா?" என்று கேட்டது. பழைய பட்டியல் அது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்திருந்தால் படம் தெரிந்திருக்கும்.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்திருந்த கை மட்டும் கொஞ்சம் இறங்கியது. நான் முன்னால் போய், "தாத்தா தவறிட்டார்" என்றேன். தம்பியின் முகம் வெளிறிவிட்டது. மன்னிப்புக் கேட்டார். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் அடுத்த வீட்டு மணியை அடித்துவிட்டார்கள். நேரம் இல்லை, இன்னும் ஆறு மாடி இருக்கிறது. பாட்டி கையில் ஒரு துண்டறிக்கை மிஞ்சியது.

அந்தத் துண்டறிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பக்கத்தைக் கணினியில் யாரோ ஒட்டியிருக்கிறார்கள், யாரும் வாசித்துப் பார்க்கவில்லை. 'சேவை' என்ற சொல்லில் கொம்புகள் கழன்று எழுத்துக்குப் பின்னால் தனியாக நின்றன. 'வேட்பாளர்' இரண்டு வரியில் உடைந்து கிடந்தது. பாட்டி ஆறாவது வரை தமிழ் படித்தவர், தினமும் தமிழ் முரசு நாளிதழ் வாசிக்கிறவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்த்தார். மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டு, மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "உங்க தாத்தா இருந்திருந்தா இதை அச்சுக்குப் போக விட்டிருக்க மாட்டார்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூட இல்லை.

ஐயா, சீன மொழிப் பக்கம் இப்படி உடைந்து வந்திருந்தால் நாம் விநியோகித்திருப்போமா? நான்கு மொழியில் அச்சடித்தோம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறோம். வாசிக்கிறவருக்கு அது தன் மொழியாக இருக்க வேண்டும் அல்லவா?

இனி, நம் ஊரில் இதற்கு முன்னால் நடந்தவற்றைப் பாருங்கள். கட்சி வித்தியாசம் இல்லாமல் சொல்கிறேன்.

பொத்தோங் பாசிர் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் எதிர்க்கட்சியின் சியாம் சீ டோங் அங்கே வென்றார். 2006 வரை ஆறு பொதுத் தேர்தல்களில் விடாமல் வென்றார். இதில் பலர் மறந்துபோனது ஒன்று உண்டு. அந்த ஆறு தேர்தலிலும் அவர் ஒரே கட்சியில் நிற்கவில்லை. முதலில் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி, பிறகு சிங்கப்பூர் மக்கள் கட்சி, பிறகு சிங்கப்பூர் ஜனநாயகக் கூட்டணி. சின்னம் மாறிக்கொண்டே இருந்தது, மக்கள் மாறவில்லை. 2006இல் ஆளும் மக்கள் செயல் கட்சி 80 மில்லியன் வெள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை முன்வைத்தபோதும் மாறவில்லை. 2011இல் சியாம் பிஷான்-தோ பாயோ குழுத்தொகுதிக்குப் போனார், மனைவி லினா சியாம் பொத்தோங் பாசிரில் நின்றார். கட்டிய மனைவிதான், அத்தனை வருடம் கணவரோடு அதே தொகுதியில் நடந்தவர்தான். 114 வாக்கில் போய்விட்டது. வென்ற சித்தோ யி பின் 2001இலும் 2006இலும் அதே இடத்தில் தோற்றவர். தோற்ற பிறகும் விட்டுவிடாமல் அங்கேயே மூன்றாவது முறை நின்றவர்.

அதே 2011இல் ஹவ்காங் தொகுதியில் என்ன நடந்தது? 1991இலிருந்து அங்கே இருந்த பாட்டாளிக் கட்சியின் லோ தியா கியாங் அல்ஜுனிட் குழுத்தொகுதிக்குப் போனார். புதிதாக நின்ற அதே கட்சியின் யாவ் ஷின் லியோங்குக்குக் கிட்டத்தட்ட 65 விழுக்காடு விழுந்தது. 2006இல் லோவுக்கு விழுந்ததைவிட அது அதிகம். அடுத்த ஆண்டு யாவ் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு இடைத்தேர்தல் வந்தது. மறுபடியும் புது முகம், மறுபடியும் 62 விழுக்காடு. ஆள் மாறி மாறி வந்தார், கட்சியின் சுத்தியல் சின்னம் அப்படியே இருந்தது, மக்கள் சுத்தியலோடு நின்றார்கள்.

இரண்டும் எதிர்க்கட்சித் தொகுதி, இரண்டும் விசுவாசத்துக்குப் பேர்போன தொகுதி. ஒன்றில் விசுவாசம் சின்னத்தில் இருந்தது, இன்னொன்றில் மனிதரில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். வாக்குப் பெட்டியைக் கவிழ்த்தாலும் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வாக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அந்த மனிதர் போன பிறகுதான் தெரியும். நம் பேட்டையை ஹவ்காங் என்று நினைத்துக் கணக்குப் போட்டீர்கள். நாங்கள் பொத்தோங் பாசிர். என் பார்வையில், நடந்த தவறு இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

பொங்கோல் ஈஸ்ட் தொகுதியின் விவரம் உங்களுக்கே தெரியும். 2011இல் ஆளும் கட்சிக்கு 54.5 விழுக்காடு, 2013 ஜனவரி இடைத்தேர்தலில் அரசியலுக்கே புதியவரான ஒரு மருத்துவரை நிறுத்தியபோது 43.7. இருபது மாதத்தில். அதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் ஆன்சனைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எனக்கு அது வெறும் சரித்திரம் இல்லை. என் அப்பா துறைமுகத் தொழிலாளி. நாங்கள் இருந்தது தெலுக் பிளாங்காவில், ஆனால் அவருடைய கூட்டாளிகள் பாதிப் பேர் ஆன்சன் வாக்காளர்கள். 1963இலிருந்து அந்தத் தொகுதியில் மக்கள் செயல் கட்சி உறுப்பினர் ஒரு தமிழர், பெ. கோவிந்தசாமி. அவர் இறந்த பிறகு 1979 இடைத்தேர்தலில் தேவன் நாயர் வந்தார். தொழிற்சங்கத் தலைவர், துறைமுகக்காரர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லாதவர். 1980 டிசம்பர் பொதுத் தேர்தலில் அவருக்கு 84 விழுக்காடு. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் அதிபரானார், இடைத்தேர்தல் வந்தது. மக்கள் செயல் கட்சி நிறுத்தியது பாங் கிம் ஹின் என்ற தொழிலதிபரை, முன்னாள் அமைச்சர் லிம் கிம் சானின் மருமகன் முறை. எதிரே பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம். அதற்கு முன் ஐந்து தேர்தல்களில் தோற்றவர்.

1981 அக்டோபர் 31, சனிக்கிழமை. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வானொலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முடிவைச் சொன்னபோது இரண்டு முறை சத்தத்தைக் கூட்டினார், காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தவர்போல. பாங்குக்கு 47 விழுக்காடு. பத்தே மாதத்தில் 84லிருந்து 47. ஜெயரத்தினம் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போன முதல் எதிர்க்கட்சி உறுப்பினர்.

பிளேர் பிளேன் பகுதியில் துறைமுகக் குடியிருப்பில் இருந்தவர்கள் சரக்குப் பெட்டக வளாகத்துக்காக வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது, மாற்று வீட்டைப் பற்றி அவர்களுக்குக் குறை இருந்தது. தோல்விக்கு அதை ஒரு காரணமாகப் பின்னால் எல்லோருமே சொன்னார்கள். சரி. ஆனால் எனக்கு மனதில் நிற்பது மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்த அப்பாவின் கூட்டாளி சொன்னது. ஆன்சன்காரர். தேநீரை ஆற்றிக்கொண்டே, "அதே கைதான் அண்ணே. அவருக்குப் போட்டுச்சு, இவருக்குப் போடல" என்றார். அவர் கட்சி மாறவில்லை, கொள்கை மாறவில்லை. அவர் கணக்கில் அவர் மாறவே இல்லை. தேவன் நாயருக்குப் போட்ட வாக்கை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நம் பேட்டையில் நடந்ததும் இதுதான். இங்கே இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் ஒரு கட்சித் தொண்டனுக்குத் தன் கட்சி மேல் வருத்தம் வந்தால், தேர்தல் நாளில் வீட்டில் படுத்துவிடுவான். நம் ஊரில் முடியாது. வாக்களிப்பது கட்டாயம். போகாவிட்டால் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும், தகுந்த காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி கட்டித்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். வருத்தத்தோடு இருக்கும் வயதானவரும் காலையில் குளித்து, திருநீறு பூசி, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார். உள்ளே போனால் சீட்டில் இரண்டு அணிகளின் படங்கள். நமக்குப் போடவில்லையென்றால் அடுத்தவருக்குத்தான் போட வேண்டும், அல்லது சீட்டைக் கெடுக்க வேண்டும். அடுத்தவருக்குப் போகும் ஒவ்வொரு விசுவாச வாக்கும் நம் பக்கம் ஒன்று குறைத்து அந்தப் பக்கம் ஒன்று கூட்டுகிறது. ஆகவே நமக்கென்று இருக்கும் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். நாம் கடைசியாகப் போனோம்.

எத்தனை தமிழ் வீடு, நாலு புளோக்கில் விரல்விட்டு எண்ணலாமே என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதான். 1989இலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் இன விகிதம் வைத்திருக்கிறார்கள், நாம் எங்கும் பரவித்தான் இருக்கிறோம், மக்கள்தொகையில் இந்தியர் 9 விழுக்காடு. ஆனால் பொத்தோங் பாசிரில் 114 வாக்கு என்று சற்றுமுன் எழுதினேன். அதை இரண்டு புளோக்கில் தேடிவிடலாம். அப்புறம், எங்கள் புளோக்கில் தமிழர்கள் மட்டும் மாறவில்லை. தாத்தாவின் கீழ்வீட்டுச் சீனப் பாட்டியும், எதிர்வீட்டு மலாய்க் குடும்பமும் அந்தச் செவ்வாய்க்கிழமை கீழே நின்றவர்கள்தான். கட்சியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்பதை அவர்களும் கவனித்தார்கள். நாற்பது வருடம் கட்சிக்கு உழைத்தவருக்கே இப்படி என்றால் நமக்கு என்ன என்று ஒரு பேட்டை யோசிக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "நம்ம ஆளைத்தானே நிறுத்தினோம்?"

குழுத்தொகுதி முறை 1988இல் வந்தது, சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக. நல்ல நோக்கம். அதனால் நம் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள், எனக்கு அதில் பெருமைதான். 2020இல் ஆளும் கட்சியின் புதுமுகங்களில் ஓர் இந்தியர்கூட இல்லையே என்று நம் சமூகம் எவ்வளவு பேசியது! எந்தக் கட்சியாக இருந்தாலும் தமிழ் முகம் வேண்டும் என்று கேட்பவள் நான். ஆனால் தமிழ் முகத்தை நிறுத்தினால் தமிழ் வாக்கு தானாக வந்துவிடும் என்று நினைப்பது எங்களை மரியாதையாக நடத்துவது ஆகாது. தர்மன் சண்முகரத்னம் 2023 அதிபர் தேர்தலில் 70.4 விழுக்காடு வாங்கினார். அதில் பெரும்பங்கு போட்டது சீனர்கள். அதற்கு முன்னால் 2015இலும் 2020இலும் நாட்டிலேயே அதிக விழுக்காடு கிடைத்தது அவர் தலைமை தாங்கிய ஜூரோங் அணிக்கு. 2001இல் ஜூரோங்குக்குப் போனவர் அதிபர் தேர்தலுக்காக விலகும் வரை அங்கேயே இருந்தார். அவரைச் சீனர்கள் "நம்ம ஆள்" என்று நினைத்தார்கள். நாங்கள் எங்கள் சீன உறுப்பினரை "நம்ம ஆள்" என்று நினைத்தோம். அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் அர்த்தம் அதுதான் ஐயா. கூட இருந்தவர் நம்ம ஆள்.

தம்பியும் நம்ம ஆளாக ஆகலாம். ஐந்து வருடம் இருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். முந்தைய உறுப்பினர் ஓய்வு பெற்றுவிட்டார் என்றால் ஊரை விட்டுப் போய்விடவில்லை. அவரைக் கேளுங்கள். நாலு சனிக்கிழமை, நாலு புளோக். அவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் வரட்டும், "இனிமேல் இவர்" என்று தன் வாயால் சொல்லட்டும். தேர்தலுக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது, இப்போதாவது செய்யலாம். கேமரா வேண்டாம். சமூக ஊடகத்தில் படம் போட வேண்டாம். மக்கள் சந்திப்பில் தம்பி மேசைக்குப் பின்னால் மட்டும் உட்காராமல், வாரம் ஒருமுறை எங்களோடு மனு எழுதும் பக்கத்திலும் உட்காரட்டும். வாடகை வீட்டுப் பிரச்சினையையும் வாகன நிறுத்துமிட அபராதத்தையும் தன் கையால் எழுதினால்தான் யார் வீட்டில் என்ன என்று மனதில் பதியும். அனுபவத்தில் சொல்கிறேன், எனக்கு இந்தப் பேட்டை தெரிந்தது அப்படித்தான்.

தமிழ்த் துண்டறிக்கையை அச்சுக்குப் போகுமுன் என்னிடம் கொடுங்கள். பணம் வேண்டாம். அரை மணி நேரம் போதும்.

சாவுச் செய்தி வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல ஒருவரை வையுங்கள். தம்பியால் வர முடியாவிட்டால் நீங்கள் வாருங்கள் ஐயா. உங்களால் முடியாவிட்டால் கிளையிலிருந்து யாராவது வரட்டும். வந்து நின்றால் போதும்.

மாற்றிப் போட்டவர்கள் யார் என்று தேட வேண்டாம். அப்படி ஒரு பேச்சு கூட்டத்துக்குப் பிறகு காப்பிக்கடையில் ஓடியதைக் கேட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் ஒன்றும் நம்மை ஏமாற்றவில்லை. முப்பது வருடம் கொடுத்ததை ஒருமுறை கொடுக்கவில்லை.

அடுத்த தேர்தலிலும் வாக்கு எண்ணும் முகவராக உட்காரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதிலை இப்போது சொல்லவில்லை. தை மாதம் தாத்தாவின் முதல் திதி வருகிறது. பாட்டி பெரிதாக ஒன்றும் செய்யப் போவதில்லை, ஐயரை வரவழைத்துப் படையல் போட்டு, அக்கம்பக்கத்தாருக்குச் சாப்பாடு. பதினொரு மணிக்கு ஆரம்பித்து ஒன்றரைக்குள் முடிந்துவிடும். தேதி உறுதியானதும் தம்பிக்கும் உங்களுக்கும் நானே சொல்கிறேன். ஏழாவது மாடியில் மின்தூக்கியை விட்டு வந்தால் இடப்பக்கம், வாசலில் துளசித் தொட்டி இருக்கும் வீடு. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பாட்டி சொல்வார், நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
நான்கு புளோக்குகளில் ஒன்றில் குடியிருக்கும் உங்கள் தொண்டர்